வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? கவனக்குறைவு வழக்கை எடைபோடும் முறை

ஜூன் மழை. மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடை. வாசலில் தொடங்கி உள்ளே வரைக்கும் வழவழப்பான டைல்ஸ். வருகிறவர்கள் குடையை மடக்கி உதறுகிறார்கள், செருப்போடு ஈரமும் உள்ளே வருகிறது. பதினொரு மணிக்கு ஒரு பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிகிறது. உடனே இரண்டு பேச்சு கிளம்பும். "கடைக்குள்ள விழுந்தா கடைக்காரர்தான் தரணும்" என்பார் ஒருவர். "பார்த்து நடந்திருக்கணும், இதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க" என்பார் இன்னொருவர். சட்டத்தின் முன் இரண்டுமே நிற்காது. விழுந்தது மட்டும் வழக்கு ஆகாது. இடத்தைக் கையில் வைத்திருந்தவர், அந்தப் பெண் விழுவதற்கு முன்னால் என்ன செய்திருந்தார், என்ன செய்திருக்க வேண்டும் என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

இப்படிக் கேட்கும் முறை இங்கிலாந்து நீதிபதிகளின் தீர்ப்புகளில் வளர்ந்த தீங்கியல் சட்டத்திலிருந்து, அதாவது ஒருவர் இன்னொருவருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு தரவைக்கும் சட்டத்திலிருந்து வந்தது. கவனக்குறைவுக்கான இழப்பீடு முழுவதையும் சொல்லும் ஒரே சட்டம் என்று நம் நாட்டில் ஒன்று இல்லை. ஆகவே நாகர்கோவில் நீதிமன்றத்திலும் வாதம் பெரும்பாலும் அந்தத் தீர்ப்புகளின் வழியில்தான் போகும். இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்புக்கென்று இங்கிலாந்தில் 1957-லும் 1984-லும் இரண்டு சட்டங்கள் வந்தன. அவை இங்கே கட்டுப்படுத்தாது. அவற்றில் உள்ள நியாயத்தை எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். நர்ஸ் வேலைக்கு அங்கே போயிருக்கும் பிள்ளைகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் பொதுப் படிக்கட்டில் விழுந்தால், அந்தச் சட்டங்கள் நேராகவே பொருந்தும்.

நான்கு கேள்விகள், வரிசை மாறாமல்

முதல் கேள்வி: கவனமாக இருக்கும் கடமை அவருக்கு இருந்ததா? 1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண் குடித்த ஜிஞ்சர் பியர் பாட்டிலில் அழுகிய நத்தை கிடந்ததாக வழக்கு. பாட்டிலை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய தோழி. தயாரித்தவரோடு இந்தப் பெண்ணுக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. இருந்தும் தயாரிப்பாளருக்குக் கடமை உண்டு என்று 1932-ல், அங்கே அன்றைக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. 'டொனோஹியூ எதிர் ஸ்டீவன்சன்' என்னும் அந்த வழக்கில் அட்கின் பிரபு சொன்ன 'அண்டை வீட்டார்' கோட்பாடுதான் இன்றைக்கும் அடித்தளம்: என் செயலால் யார் பாதிக்கப்படுவார் என்று நான் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டுமோ, அவர் சட்டத்தின் கண்ணில் என் அண்டை வீட்டார்.

கடைக்காரர்–வாடிக்கையாளர், டாக்டர்–நோயாளி, முதலாளி–தொழிலாளி, ஓட்டுநர்–சாலையில் செல்பவர் போன்ற உறவுகளில் கடமை எப்போதோ நிலைநாட்டப்பட்டுவிட்டது. அதை மீண்டும் நிரூபிக்கத் தேவையில்லை. சட்ட மாணவர்கள் எந்தக் கேள்வி வந்தாலும் 1990-ஆம் ஆண்டு 'கப்பாரோ' வழக்கில் வந்த, கடமை உண்டா என்று பார்க்கும் மூன்று கட்டச் சோதனையை இரண்டு பக்கம் எழுதிவிடுகிறார்கள். அது தேவையில்லை. புதுவகை உறவு வந்தால்தான் ஆராய வேண்டும், அப்போதும் பழைய தீர்ப்புகளை ஒட்டிப் படிப்படியாகவே நகர வேண்டும் என்று இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2018-ல் 'ராபின்சன்' வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே வரியில் கடமையை முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். வழக்கு அங்கேதான் வெல்லும் அல்லது தோற்கும்.

இரண்டாவது கேள்வி: கடமை மீறப்பட்டதா? நியாயமான புத்தியுள்ள ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் செய்திருக்கக்கூடியதைச் செய்யாமல் விடுவது, அல்லது செய்யக்கூடாததைச் செய்வது மீறல். இதை எடைபோட நான்கு கற்கள் உண்டு: ஆபத்து நேரும் வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் அடி எவ்வளவு பெரியது, தடுக்க எவ்வளவு செலவும் சிரமமும் ஆகும், அந்தச் செயலால் ஊருக்கு என்ன பயன்.

வாய்ப்புக்கு 'போல்ட்டன் எதிர் ஸ்டோன்' (1951). கிரிக்கெட் மைதானத்திலிருந்து பறந்த பந்து சாலையில் நின்ற பெண்ணைத் தாக்கியது. சுமார் 30 ஆண்டுகளில் ஆறு முறைதான் பந்து அப்படி வெளியே போயிருந்தது. வேலியும் ஆடுகளத்திலிருந்து 17 அடி உயரத்தில் இருந்தது. கிளப் தப்பியது. இதை நம் ஊர்த் தென்னையோடு வைத்துப் பாருங்கள். ரோட்டின் மேல் சாய்ந்து நிற்கும் தென்னையில் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு தேங்காய் வெட்டு உண்டு. வெட்டு தள்ளிப்போனால் நெற்றாகி விழும், காற்றில் காய்ந்த மட்டையும் விழும். "ஆறு முறைதானே" என்று சொல்ல இங்கே வழியே இல்லை. 'விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பவர் மீறுகிறார். சாலையோர மரத்தின் கிளை ஒடிந்து ஸ்கூட்டரில் சென்றவர் மேல் விழுந்து அவர் இறந்த வழக்கில், மரத்தைப் பராமரிக்க வேண்டிய டெல்லி மாநகராட்சியே பொறுப்பு என்று நம் உச்ச நீதிமன்றம் 1999-ல் சொல்லியிருக்கிறது.

அடியின் அளவுக்கு 'பாரிஸ் எதிர் ஸ்டெப்னி' (1951). ஏற்கெனவே ஒரு கண் இழந்த தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கவில்லை. மற்றக் கண்ணும் போயிற்று. மற்றவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லாவிட்டாலும் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 'ஹேலி' (1965). நடைபாதையில் குழி வெட்டியவர்கள் ஒரு கருவியைக் குறுக்கே சாய்த்து வைத்தார்கள். கண் தெரிந்தவருக்கு அது போதும். கோலூன்றி வந்த பார்வையற்றவர் அதில் தடுக்கி விழுந்தார். பார்வையற்றவர்களும் தெருவில் நடப்பார்கள் என்பது தெரிந்ததுதானே என்று நீதிமன்றம் கேட்டது. குழாய்க்குத் தோண்டிவிட்டு இரண்டு கல்லும் ஒரு சிவப்புத் துணியும் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு இல்லை.

செலவுக்கு 'லாட்டிமர்' (1953). பெருமழையில் தொழிற்சாலைத் தரை முழுக்க எண்ணெய் கலந்த தண்ணீர். நிர்வாகம் கையில் இருந்த மரத்தூளையெல்லாம் தூவியது. மீதி இருந்த இடத்தில் ஒருவர் வழுக்கினார். ஆலையையே மூடியிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது என்று வழக்கு தள்ளுபடியானது.

இப்போது மார்த்தாண்டத்துக் கடைக்கு வருவோம். மழைக்காகக் கடையைச் சாத்தச் சொல்ல மாட்டார்கள். வாசலில் நீர் உறிஞ்சும் மிதியடி, குடை வைக்க ஒரு வாளி, மழை நேரத்தில் அடிக்கடி துடைக்க ஒரு ஆள், துடைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு. செலவு மிகக் குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டத்தில் ஈரம் எதிர்பாராதது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நோட்டு ஏன் முக்கியம் என்றால், 'வார்டு எதிர் டெஸ்கோ' (1976) வழக்கில் தரையில் கொட்டிக் கிடந்த தயிரில் வாடிக்கையாளர் வழுக்கினார். அது எவ்வளவு நேரமாகக் கிடந்தது என்று அவரால் காட்ட முடியவில்லை. தரையைக் கவனிக்க ஒழுங்கான ஏற்பாடு இருந்தது என்று காட்ட வேண்டியவர் கடைக்காரர்தான் என்றது நீதிமன்றம், கடை தோற்றது.

சில விபத்துகளில் விழுந்ததே சாட்சி. டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்தார்கள். அது 80 ஆண்டுப் பழமை. அந்தக் காரைக்கு 40, 45 ஆண்டுதான் ஆயுள் என்று நிபுணர் சொன்னார். பராமரிக்கப்பட்ட கட்டடம் தானாக இடியாது என்று கொண்டு, 1966-ல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. வெட்டுக்கல் மதிலும் ஓட்டுக் கட்டடமும் நிறைந்த ஊர்களில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: அந்த மீறலால்தான் அடிபட்டதா? 'பார்னெட்' (1969) வழக்கில் தேநீரில் ஆர்சனிக் கலந்திருந்ததால் வாந்தியெடுத்த மூன்று காவலாளிகள் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் பார்க்காமலே திருப்பி அனுப்பினார். ஒருவர் இறந்தார். டாக்டர் செய்தது தவறுதான். ஆனால் பார்த்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்று தெரிந்ததால் இழப்பீடு கிடைக்கவில்லை. நம் வழக்கில் எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும்: "செருப்பு வார் அறுந்து விழுந்தார், ஈரத்தால் இல்லை."

நான்காவது: இழப்பு எதிர்பார்க்கக்கூடிய வகையைச் சேர்ந்ததா? 'வேகன் மவுண்ட்' (1961) தீர்ப்பு சொல்வது இதுதான். வகை எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தால் போதும், அளவு அப்படி இருக்க வேண்டியதில்லை. எலும்பு தேய்ந்த வயதானவர் விழுந்து மற்றவர்களைவிட மோசமாக ஒடித்துக்கொண்டால், "சாதாரண ஆளுக்கு இவ்வளவு ஆகியிருக்காது" என்ற பேச்சு எடுபடாது.

இடம் யார் கையில்?

பட்டா யார் பேரில் என்பதை வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பல நேரம் தவறான ஆளுக்குப் போய்விடும். இங்கிலாந்துச் சட்டம் கேட்பது உரிமையை அல்ல, கட்டுப்பாட்டை. 'வீட் எதிர் லாக்கன்' (1966) தீர்ப்புப்படி ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் பொறுப்பாளராக இருக்கலாம். ரப்பர் விளை (தோட்டம்) குத்தகைக்குப் போயிருந்தால், அன்றாடம் ஆளை இறக்கி வேலை வாங்கும் குத்தகைக்காரர் பொறுப்பாளர். பாழடைந்த களஞ்சியத்தின் சாவியை நிலக்காரர் தன்னிடம் வைத்திருந்தால், அந்த மூலைக்கு அவர் பொறுப்பு. ஒற்றிக்குக் கொடுத்த வீட்டுக்கும் இதே கணக்குத்தான். ஆகவே இரண்டு பேருக்கும் நோட்டீஸ் அனுப்புவது நல்லது.

அடுத்தது, வந்தவர் யார். அனுமதியோடு வந்தவருக்கு 1957 சட்டத்தின் பொதுக் கவனக் கடமை முழுதாக உண்டு: அவர் எதற்காக வந்தாரோ அந்த வேலைக்கு இடம் நியாயமான அளவு பாதுகாப்பாக இருக்க வேண்டும். வாயால் சொன்ன அனுமதிதான் அனுமதி என்று இல்லை. 'லோவரி எதிர் வாக்கர்' (1911) வழக்கில் ஒருவரின் வயல் வழியே ஊரார் 35 ஆண்டுகள் ரயில் நிலையத்துக்குக் குறுக்கே நடந்தார்கள். அவர் முறுமுறுத்தாரே தவிரத் தடுக்கவில்லை. பிறகு கடிக்கும் குதிரையை அங்கே விட்டார், பொறுப்பானார். நம் விளைகளில் அப்படிக் குறுக்குவழி இல்லாத ஊர் ஏது? தலைமுறையாகப் பள்ளிக்கும் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் ஆட்கள் நடக்கும் பாதையில் குழி வெட்டுகிறவர், அந்த ஆட்களை அத்துமீறியவர்கள் என்று சொல்லித் தப்ப முடியாது.

எச்சரிக்கைப் பலகை பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஒரு வீட்டுக்குப் போகச் சானலின் (கால்வாயின்) மேல் போட்ட தென்னந்தடிதான் ஒரே வழி என்று வையுங்கள். தடி அடியில் உளுத்துவிட்டது. வீட்டுக்காரர் 'பாலம் பழுது, கவனம்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறார். வருகிறவர் என்ன செய்வார்? வேறு வழியில்லை, மிதித்துத்தான் ஆக வேண்டும். 1963-ல் 'ரோல்ஸ் எதிர் நேதன்' வழக்கில் டென்னிங் பிரபு ஏறக்குறைய இதே எடுத்துக்காட்டைச் சொன்னார்: ஒரே பாலம் என்றால் பலகை போதாது, நல்ல பாலம் ஒன்று பக்கத்திலேயே இருந்தால் போதும். பலகையைப் படித்தவர் அதன்பின் பத்திரமாக இருக்க வழி உண்டா என்பதே அளவுகோல். 'கவனம்' என்று மட்டும் எழுதினால் எதைக் கவனிக்க என்று தெரியாது. 'இந்தத் தடி உள்ளே உளுத்திருக்கிறது, மிதிக்காதீர்கள், வடக்கே இருபதடியில் கல்பாலம்' என்று எழுதினால் அது எச்சரிக்கை. திற்பரப்பு அருவி போல மலையாளிகள் நிறைய வரும் இடங்களில் தமிழில் மட்டும் எழுதிய பலகை பாதி பேருக்குப் பலகையே இல்லை.

கண்ணுக்கு நேராகத் தெரியும் ஆபத்துக்குப் பலகை வேண்டியதில்லை. லைம் ரீஜிஸ் கடற்கரையில் பாசி படிந்த அலைத்தடுப்புச் சுவரில் வழுக்கியவர் 1995-ல் தோற்றார்; ஈரப் பாசி வழுக்கும் என்பது யாருக்கும் தெரியும். கன்னியாகுமரிக் கடலோரப் பாறையில் செல்ஃபிக்காக இறங்குகிறவரின் நிலையும் இதேதான். ஆழமில்லாத ஏரியில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்து முறிந்த 18 வயது இளைஞரின் 'டாம்லின்சன்' வழக்கும் (2003) தோற்றது. மேலே தெளிவாகத் தெரியும் நீருக்கடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சுழலோ கம்பியோ இருந்தால் கதை வேறு.

குழந்தைகள், கைத்தொழிலாளிகள், ஒப்பந்தக்காரர்கள்

குழந்தை பெரியவரைப் போலக் கவனமாக இருக்காது என்று எதிர்பார்க்கச் சொல்கிறது 1957 சட்டம். கிளாஸ்கோ பூங்காவில் ஏழு வயதுச் சிறுவன் செர்ரி போலிருந்த விஷப் பழத்தைத் தின்று இறந்தான். வேலியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மாநகராட்சிக்குப் பொறுப்பு உண்டு என்றது 1922-ல் வந்த தீர்ப்பு. நம் விளையில் கிணற்றோரம் நிற்கும் சாம்பை மரம் அந்தப் பழத்தைப் போலத்தான். பழம் பிள்ளையை இழுக்கும், கிணறு வாய் திறந்து கிடக்கும். கைப்பிடிச் சுவரைக் குறைந்தது பெரியவரின் இடுப்பளவு கட்டி, மேலே கம்பி வலை போடுங்கள். சுவரை ஒட்டி ஏறி நிற்கக் கல்லோ தொட்டியோ வைக்காதீர்கள். சுவர் இருந்தும் பிள்ளை விழுவது பெரும்பாலும் இதனால்தான். மறுபக்கம், சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது முதலில் பெற்றோர் வேலை. ஐந்து வயதுக் குழந்தை ஏழு வயது அக்காவோடு திறந்த வெளியில் போய்ப் பள்ளத்தில் விழுந்த 'பிப்ஸ்' வழக்கு (1955) அதனால் தோற்றது.

தொழில் தெரிந்தவர் தன் தொழிலுக்குரிய ஆபத்தைத் தானே பார்த்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கலாம். தென்னை ஏறுபவருக்கு உயரம் புதிதல்ல. ஆனால் அந்த மரத்தைச் சிவப்புக் கூன்வண்டு குடைந்திருப்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்தும் சொல்லாமல் ஏற்றினால், அல்லது ஓலைக்குள் கரண்ட் கம்பி உரசுவதை மறைத்தால், அது தொழிலின் ஆபத்து ஆகாது. விடியும் முன் தலைவிளக்கோடு ரப்பர் பால் வெட்ட வருகிறவருக்குக் காடு மூடிய பழைய கிணறு தெரியாது. அதை அடைப்பதோ சுற்றி வேலி கட்டுவதோ வேலை வாங்குகிறவரின் கடமை.

திருவிழாப் பந்தல், சீரியல் லைட், ராட்டினம் எல்லாம் ஒப்பந்தக்காரர் கையில். கமிட்டிக்குப் பொறுப்பு போய்விடுமா? 1957 சட்டம் மூன்று கேள்வி கேட்கிறது: ஒப்பந்தம் விட்டது நியாயமா, தகுதியான ஆளா என்று பார்த்தீர்களா, வேலை சரியாக முடிந்ததா என்று உங்களால் இயன்ற அளவு பார்த்தீர்களா? லிஃப்ட் போன்ற நுட்ப வேலையை நிபுணரிடம் விட்டுவிடலாம் ('ஹேசல்டைன்', 1941). படியில் உறைபனி கிடக்கிறதா என்று பார்க்க நிபுணர் வேண்டாம் ('உட்வர்டு', 1945). ராட்டினத்தின் இரும்புக்குள் விரிசலா என்று கமிட்டிக்குத் தெரியாது. ஆனால் தோல் உரிந்த வயர் மழைத்தண்ணீரில் கிடப்பது யார் கண்ணுக்கும் தெரியும்.

அனுமதியில்லாமல் வந்தவர்

முன்பு இங்கிலாந்தில் அத்துமீறியவருக்கு ஏறக்குறைய எதுவும் கிடையாது. உடைந்த வேலி வழியே போன ஆறு வயதுச் சிறுவன் மின்சார ரயில் பாதையில் பலத்த தீக்காயம் அடைந்த 'ஹெரிங்டன்' வழக்கு (1972) அதை மாற்றியது. 1984 சட்டம் அதற்கு வடிவம் கொடுத்தது. ஆபத்து இருப்பது உங்களுக்குத் தெரியுமா, ஆள் அங்கே வரக்கூடும் என்று தெரியுமா, நியாயமாகப் பார்த்தால் ஏதாவது பாதுகாப்பு கொடுத்திருக்க வேண்டுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் கடமை உண்டு. உடலுக்கு நேர்ந்த காயத்துக்கு மட்டும்; பொருளுக்கு இல்லை.

காட்டுப்பன்றிக்காக வீட்டு லைனை வேலியில் கொடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் மின்சாரக் கம்பி கட்டி, அத்துமீறி வந்த பெண் இறந்த பீகார் வழக்கில், 1963-ல் நம் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அத்துமீறினார் என்பதற்காக உயிரை எடுக்கும் பொறி வைக்க உரிமையில்லை. இது இழப்பீட்டோடு முடியாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி கவனக்குறைவால் மரணம் என்றால் ஐந்தாண்டு வரை சிறை.

எதிர்த்தரப்பு சொல்லப்போவது

'தெரிந்தே ஏற்றுக்கொண்டார்' என்பது அரிதாகவே வெல்லும். ஆபத்து தெரிந்தால் போதாது, மனமறிந்து சம்மதித்திருக்க வேண்டும். 'அவரும் கவனிக்கவில்லை' என்பதுதான் பலிக்கும்: போனைப் பார்த்துக்கொண்டே நடந்திருந்தால் தொகையில் ஒரு பங்கு குறையும், வழக்கு சாகாது. 'அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகையைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். இங்கிலாந்தில் வணிக இடங்களில் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் அப்படி விலக்கு எழுத 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழியில்லாமல் செய்துவிட்டது.

விழுந்த உடனே

தரை ஒரு மணி நேரத்தில் துடைக்கப்பட்டுவிடும், அதோடு வழக்கில் பாதி போய்விடும். ஆகவே கூட வந்தவர் முதலில் போட்டோ எடுக்கட்டும்: ஈரம், மிதியடி இல்லாத வாசல், விழுந்த இடத்திலிருந்து வாசல் வரை ஒரே படத்தில். செருப்பைக் கழுவாமல் கவரில் போட்டு வையுங்கள். அடிப்பக்கம் தேயவில்லை, வார் அறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. பார்த்தவர் இரண்டு பேரின் போன் நம்பர். மருத்துவமனையில் 'தவறி விழுந்தேன்' என்று சொல்லாதீர்கள்; ஓ.பி. சீட்டில் அது அப்படியே ஏறும், பின்னால் அதை வைத்தே மடக்குவார்கள். எந்தக் கடை, எத்தனை மணி, எதில் வழுக்கினீர்கள் என்று சொல்லி ஏ.ஆர். காப்பியிலும் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) அதையே பதியச் சொல்லுங்கள். சிசிடிவி சில வாரத்தில் அழிந்து அதன்மேலேயே பதிவாகும். அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் கடைக்குக் கடிதம் போடுங்கள்.

நாள் கணக்கு: சாதாரணக் காயத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டு, மரணத்துக்கு வாரிசுகள் போடும் வழக்குக்கு இரண்டு ஆண்டு. பணம் கொடுத்துச் சேவை பெற்ற இடம் என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டு. அரசுமேல் என்றால் வழக்குக்கு இரண்டு மாதம் முன்னால் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், அந்த இரண்டு மாதத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. 15100-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள்.

கடைக்குப் போடும் அந்தக் கடிதத்தில் கோபமோ தொகையோ வேண்டாம். இவ்வளவு போதும்: "இன்ன தேதி காலை 11 மணியளவில் உங்கள் கடையின் வாசலிலிருந்து சுமார் ஆறடி உள்ளே, ஈரத் தரையில் வழுக்கி என் வலது மணிக்கட்டு ஒடிந்தது. அங்கே மிதியடியோ எச்சரிக்கையோ இல்லை. அன்று காலை 10 முதல் 12 வரையிலான சிசிடிவி பதிவையும், தரை துடைத்த குறிப்பேட்டையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."